பேஸ் ஆம்பில் வால்வு மாற்றும் நேரம் வந்துவிட்டதா? உதவி தேவை

அடையாறு_பேஸ்:
வணக்கம். எங்கள் சர்ச் இசைக்குழுவில் ஆம்பெக் எஸ்விடி-சிஎல் ஆம்ப் ஒன்று இருக்கிறது, எட்டு ஸ்பீக்கர் கேபினெட்டோடு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வால்வுகளை, அதாவது உள்ளே ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களை, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது. கொஞ்ச நாளாகவே அடி ஸ்வரங்கள் தொளதொளவென்று கேட்கின்றன. ஈ கம்பியை அழுத்தி வாசித்தால் முன்பெல்லாம் நெஞ்சில் வந்து இடிக்கும், இப்போது மழுங்கிப் போகிறது. ஆராதனை ஆரம்பித்து அரை மணி நேரத்தில் சத்தமும் இறங்குகிறது. பின்பக்கம் பார்த்தால் பெரிய வால்வுகள் இரண்டில் நீல வெளிச்சம் தெரிகிறது. ஒரு கடையில் கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் மாத்திடணும்" என்கிறார்கள். அப்படியா? சபையின் காசு, வீணாக்க மனம் வரவில்லை.

வால்வு_மெக்கானிக்:
தம்பி, காலண்டரைப் பார்த்து வால்வு மாற்றக் கூடாது. வாரம் ஒரு நாள் வாசிக்கும் ஆம்பும் தினமும் கச்சேரிக்குப் போகும் ஆம்பும் ஒன்றாகத் தேயாது. உங்கள் ஆம்பில் 300 வாட் தருவது ஆறு 6550 வால்வுகள். உழைப்பும் சூடும் அவற்றுக்குத்தான், முதலில் தேய்வதும் அவைதான். முன்பகுதியில் இருக்கும் சின்ன 12ஏஎக்ஸ்7 வால்வுகள் பல வருடம் தாங்கும். கரகரப்போ, ஊளையோ, தட்டினால் மணி மாதிரி சத்தமோ வராத வரை அவற்றைத் தொடவே வேண்டாம். ஆம்ப் ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றையும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கெட்டது எதுவோ அது ஸ்பீக்கரில் சத்தமாகக் காட்டிக்கொடுக்கும்.

நீல வெளிச்சம் கண்ணாடியின் உள்சுவரில் படர்ந்து, வாசிப்புக்கு ஏற்ப அசைந்தால் பயமில்லை. நல்ல 6550-இலும் அது வரும். உள்ளே தகடுகளுக்கு நடுவே ஊதாப் புகை மாதிரி நின்றால் வால்வுக்குள் வாயு சேர்ந்துவிட்டது, அதை மாற்றியே ஆக வேண்டும். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு மாதிரி இருக்கும் இடம் பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். வெளித் தகடே செக்கச் சிவந்து எரிந்தால் பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள்.

மதுரை_லோ_பி:
வால்வு மேல் பழி போடுமுன் இரண்டு விஷயம் பாருங்கள் சகோ. பின்பக்கம் "பிரீஆம்ப் அவுட்" (முன்பகுதியின் ஒலி வெளியே வரும் இடம்), "பவர் ஆம்ப் இன்" (பவர் பகுதிக்குள் ஒலி போகும் இடம்) என்று இரண்டு ஜாக் இருக்கும். உள் தொடர்பில் துரு ஏறினாலும் சத்தம் இப்படித்தான் இறங்கும். ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இரண்டையும் இணைத்து வாசியுங்கள். சத்தம் திரும்பி வந்தால் கோளாறு ஜாக்கில்தான். வரவில்லை என்றால் பிரீஆம்ப் அவுட்டிலிருந்து மிக்ஸருக்கு எடுத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் முன்பகுதி நலம்.

அடுத்தது கரண்ட். ஆராதனை தொடங்கி ஏசி எல்லாம் ஓடும்போது மெயின்ஸ் எவ்வளவு வருகிறது? 230 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால், வால்வுக்குள் சூடேற்றும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 5.5 தான் கிடைக்கும். நல்ல வால்வும் தேய்ந்த வால்வு மாதிரியே ஒலிக்கும். அப்படியானால் வேண்டியது ஸ்டெபிலைசர்.

கேபினெட் 4 ஓம் என்றால் பின்பக்க சுவிட்சும் 4-இல் இருக்க வேண்டும், 2-இல் இருக்கக் கூடாது.

அடையாறு_பேஸ்:
எல்லாம் செய்து பார்த்தேன். ஆராதனை நடுவில் மல்டிமீட்டர் 228 காட்டியது. சுவிட்ச் 4-இல்தான் இருக்கிறது. பேட்ச் கேபிள் போட்டும் மாற்றமில்லை. மிக்ஸரில் ஒலி அருமையாக வருகிறது. பென்சில் சோதனையிலும் சின்ன வால்வு எதுவும் சத்தம் போடவில்லை. வெள்ளிப் பூச்சு எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறது.

வால்வு_மெக்கானிக்:
அப்போது பவர் பகுதிதான். பின்பக்கம் இரண்டு பயாஸ் திருகு, அவற்றுக்கு விளக்கு இருக்கும். பயாஸ் என்றால் வாசிக்காதபோது வால்வில் ஓடும் கரண்டைச் சரிசெய்வது. மூன்று மூன்று வால்வுக்கு ஒரு திருகு. கேபினெட்டை மாட்டி, எதுவும் வாசிக்காமல் அரை மணி நேரம் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். பச்சை எரிந்தால் சரி. சிவப்பு என்றால் வால்வில் கரண்ட் அதிகம். இரண்டுமே எரியாவிட்டால் குறைவு. குறைவாக இருக்கும் பக்கத்துத் திருகை மெதுவாகத் திருப்புங்கள். பச்சை வந்துவிட்டால் செலவு மிச்சம். மூடியைக் கழற்றி உள்ளே கை விடாதீர்கள். 6550 தகட்டுக்கு 700 வோல்ட் வாக்கில் போகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது நிற்கும். உயிர்ப் பிரச்சினை இது.

அடையாறு_பேஸ்:
ஒரு பக்கம் பச்சை. இன்னொரு பக்கம் திருகைக் கடைசிவரை திருப்பியும் விளக்கு வரவில்லை. அணைத்து, நன்றாக ஆறவிட்டு, அந்த மூன்று வால்வையும் அடுத்த பக்கத்து மூன்றோடு மாற்றிப் பொருத்தினேன். இப்போது விளக்கு வராத பக்கமும் மாறிவிட்டது!

வால்வு_மெக்கானிக்:
கோளாறு வால்வோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு வால்வில்தான். அந்த மூன்றும் தேய்ந்துவிட்டன. மூன்றை மட்டும் வாங்காதீர்கள், ஆறும் ஒரே மேட்ச்டு செட்டாக, அதாவது ஒரே அளவு கரண்ட் இழுப்பவையாக, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று மட்டும் அதிகம் சுமந்து சீக்கிரம் போகும், ஸ்பீக்கரில் ஹம் என்கிற உறுமலும் கூடும். ஒரு காலத்தில் பெங்களூரு பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனமே ரேடியோ வால்வுகள் செய்தது. இப்போது ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனா என்று வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

புதுசு போட்டதும் பயாஸை மறுபடி சரிசெய்ய வேண்டும். 6550-களை ஓட்டும் 12ஏயு7 டிரைவர் வால்வுகளை மட்டும் ஒருமுறை சோதித்துவிடச் சொல்லுங்கள். அவை படுத்தால் புது 6550-களின் பயாஸும் கெடும். இன்னும் பச்சை காட்டும் பழைய மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். தேதி எழுதி, பெட்டியில் வைத்து, ஆம்ப் போகும் இடத்துக்கெல்லாம் எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுசில் ஒன்று போய்விட்டால் அன்றைய ஆராதனையை அவற்றை வைத்து ஓட்டிவிடலாம். பயாஸ் விளக்கை மட்டும் அப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள்.