4.3 வி6 பிளாக் உறைபனியில் வெடித்துவிட்டது: எந்த எஞ்சின் போடுவது, பழைய டிரைவை நம்பலாமா?

கேள்வி

வணக்கம். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் நாங்கள் ஓட்டும் 20 அடிப் படகில், 1995ஆம் ஆண்டின் மெர்க்ரூசர் 4.3 லிட்டர் வி6 எஞ்சினும் ஆல்பா ஒன் இரண்டாம் தலைமுறை டிரைவும் (படகின் பின்னால் தண்ணீரில் இறங்கி ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் பகுதி) இருக்கின்றன. குளிர்காலத்துக்கு முன் பிளாக்கின் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) வடிகால் மூடிகளை நானே கழற்றினேன். இடப்பக்கத்தில் சில துளிகளே சொட்டியதைக் கண்டு, தண்ணீர் எல்லாம் இறங்கிவிட்டது என்று நம்பிவிட்டேன். இளவேனிலில் எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தது. புகை வெளியேற்றும் மனிஃபோல்டின் கீழே பிளாக்கில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பும் தெரிகிறது. பழைய பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய 4.3 எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது. படகுக்கென்றே புதுப்பித்த 4.3 எஞ்சினுக்கு அதைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள். இவ்வளவு செலவழிப்பதானால் 5.7 வி8 போட்டுவிடலாமே என்று தம்பி சொல்கிறான். டிரைவின் எண்ணெயும் இலேசாக வெளுத்திருக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1

இடப்பக்கத் துளையைத் துருவும் மணலும் அடைத்திருக்கும். மூடியைக் கழற்றியதும் ஒரு கம்பியை உள்ளே விட்டுக் கிளறினால்தான் மிச்சத் தண்ணீர் வரும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் வார்ப்பிரும்பு அதைத் தாங்காது.

பிக்கப் எஞ்சினின் அடிப்படை வார்ப்பு படகு எஞ்சினுடையதே என்றாலும், படகுக்கு வருவதில் பித்தளைக் கோர் பிளக்குகளும் (வார்ப்புத் துளைகளை மூடும் தட்டுகள்) ஏரித் தண்ணீரைத் தாங்கும் ஹெட் கேஸ்கட்டுகளும் (பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வரும் அடைப்புகள்) இருக்கும். ஆகவே வெறும் எஞ்சினாக வாங்கி இவற்றையெல்லாம் மாற்றுவதற்கு உங்களுக்குப் பொறுமை இருந்தால் மட்டும் அதை எண்ணிப் பாருங்கள். வண்டியின் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் படகில் பொருத்த வேண்டாம்; அவை தீப்பொறியோ பெற்றோல் ஆவியோ வெளிவராதபடி அமைந்தவை அல்ல. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடித்தளத்தில் தங்கிவிடும், அங்கே ஒரு தீப்பொறி போதும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் படகு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 2

எஞ்சினுக்குப் பணம் கொடுக்கும் முன் டிரைவைச் சோதியுங்கள், ஏனெனில் எந்த எஞ்சின் என்பதை டிரைவின் கியர் விகிதம்தான் (ப்ரொப்பெல்லர் ஒருமுறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டும் என்பது) தீர்மானிக்கும். வி6 எஞ்சினோடு வந்த ஆல்பாவின் விகிதம் 1.81, 5.7 வி8 எஞ்சினோடு வருவது 1.47. உங்கள் டிரைவிலேயே வி8 போட்டால், எஞ்சின் அளவு மீறிச் சுழல்வதைத் தடுக்கப் பொருத்தமற்ற பெரிய பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட ப்ரொப்பெல்லர் தேவைப்படும்; இல்லையெனில் டிரைவையும் மாற்ற வேண்டிவரும். வி8 பக்கத்துக்கு ஒரு சிலிண்டர் கூடி, ஒரு சிலிண்டர் அளவுக்கு நீளமானது என்பதால் முன் தாங்கிகளும் இடம் மாறும்.  என்னைக் கேட்டால் 4.3 எஞ்சினிலேயே நில்லுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1996இல் வந்த வோர்டெக் என்ற புதுவகை ஹெட்டில் இன்டேக் மனிஃபோல்டு (காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாய்த்தொகுதி) எட்டு போல்ட்டுகளால் இறுகும்; உங்களுடையதில் பன்னிரண்டு. வோர்டெக் எஞ்சினை எடுத்தால் இப்போதுள்ள இன்டேக் அதில் பொருந்தாது, அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. டிரைவுக்கு அழுத்தச் சோதனை செய்ததில் ப்ரொப்பெல்லர் தண்டின் சீல் வழியே காற்று கசிந்தது; பழைய தூண்டில் நரம்பு அதில் சுற்றியிருந்தது. கியர்களும் பேரிங்குகளும் சுத்தமாக இருப்பதால் டிரைவை வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு போல்ட் இன்டேக் பொருந்தும் புதுப்பித்த 4.3 எஞ்சினுக்குச் சொல்லிவிட்டேன். எஞ்சினை இறக்கும்போது வேறு எதை மாற்ற வேண்டும்?

பதில் 2

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கப்ளரை (எஞ்சினை டிரைவின் தண்டோடு இணைப்பது) மாற்றிவிடுங்கள். கிம்பல் பேரிங்கையும் (டிரைவின் தண்டைத் தாங்குவது) பெல்லோஸையும் (தண்ணீர் புகாதபடி தண்டை மூடும் ரப்பர் உறை) டிரைவைக் கழற்றினாலே மாற்றலாம், ஆனாலும் இப்போதே முடித்துவிடுவது நல்லது. புகை வெளியேற்றும் மனிஃபோல்டுகளும் அவற்றின் மேலுள்ள வளைகுழாய்களான ரைசர்களும் அதே உறைபனியில் கிடந்தவை. அவற்றையும் சோதிக்காமல் ஏற்றினால் வெடிப்பின் வழியே தண்ணீர் புதிய சிலிண்டருக்குள் இறங்கும். பொருத்தியபின், நேர்ப்படுத்தும் தண்டு இரண்டு விரலால் தள்ளினாலே கப்ளருக்குள் போய்வர வேண்டும். தட்டித்தான் போகும் என்றால் முன் தாங்கிகளை மறுபடி சரிசெய்யுங்கள், இல்லையேல் கப்ளரின் பற்கள் தேய்ந்துபோகும். எஞ்சின் பழகியபின் முழு வேகத்தில் நிமிடச் சுழற்சியைப் பாருங்கள்: 4,400 முதல் 4,800 வரை இருக்க வேண்டும். குறைந்தால் ப்ரொப்பெல்லரின் பிட்சை ஓர் அங்குலம் குறையுங்கள், சுமார் 150 முதல் 200 வரை ஏறும்.