ஜி1 பீக் நாளுக்கு நாள் மாறுகிறது, உதவுங்கள்

ஹீலா (மனிதப் புற்றுநோய்) செல்களில் டிஎன்ஏவில் ஒட்டும் பிஐ (புரோப்பிடியம் அயோடைடு) சாயம் போட்டு, ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல் சைக்கிள் பார்க்கிறோம். ஜி1 (டிஎன்ஏ இரட்டிப்பாகும் முன் உள்ள நிலை) பீக்கின் சிவி (பீக் எவ்வளவு அகலம் என்ற அளவு) ஒரு நாள் 4%, மறுநாள் 9%. பீக்கும் இடம் மாறுகிறது.

வோர்ட்டெக்ஸில் சுழலும் செல்கள் மேல் குளிர்ந்த 70% எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஃபிக்ஸ் செய்கிறோம் (செல்களை அப்படியே நிலைப்படுத்துகிறோம்). பிஐ மில்லிக்கு 50 மைக்ரோகிராம், ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவை அழிக்கும் என்சைம்) 100 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 30 நிமிடம். குறைந்த ஃப்ளோ ரேட், டப்ளெட்களையும் (ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்கள்) நீக்குகிறோம். சரிபார்க்கும் பீட்ஸ் (நுண்மணிகள்) ஓட்டினால் மெஷின் சரியாகவே இருக்கிறது.

சந்தேகம் செல் எண்ணிக்கை மேல்தான். எத்தனாலைக் கழுவும்போது பெல்லட் (அடியில் படிந்த செல்கள்) கொஞ்சம் போய்விடுகிறது; எண்ணிக்கை மாறினால் ஒரு செல்லுக்குக் கிடைக்கும் பிஐயும் மாறும். சாயத்துக்கு முன் மறுபடி எண்ணி, குழாய்க்கு 10 லட்சமாகச் சரிசெய்பவர்கள் உண்டா?

கோழி ரத்த செல்களை அளவுகோலாகச் சேர்க்கவும் எண்ணம். சென்னையில் யாராவது கறிக்கடையில் இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும்) குழாயில் புது ரத்தம் பிடித்துப் பயன்படுத்துகிறீர்களா? ஃபிக்ஸ் செய்யும் முன் கலப்பதா, பின்பா?