மறு: ஓவியத்தில் 'அப்ரோப்ரியேஷன்': ஒரே சொல் போதுமா?

> 'கையாடல்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. பிறருடைய படத்தையோ வடிவத்தையோ எடுத்துத் தன் படைப்பில் பயன்படுத்துவதுதான் 'அப்ரோப்ரியேஷன்'; அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வேர் எதுவானாலும், கையாடல் என்றதும் சங்கப் பணத்தைச் சுருட்டிய காசாளர்தான் நினைவுக்கு வருவார். தொல்குடிகளின் வடிவங்களை ஐரோப்பியர் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு 'அபகரிப்பு' சரி. நமக்குச் சொல் இல்லாதது மறுதிசைக்கு: ஆதிக்கம் செய்தவர்களின் படங்களை மற்றவர்கள் எடுத்துத் திருப்புவதற்கு.

கனடாவின் கிரீ தொல்குடி ஓவியர் கென்ட் மங்க்மன் 2019இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வரைந்த இணை ஓவியங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 11 அடி உயரம், 22 அடி அகலம், கித்தான்மேல் அக்ரிலிக். பொதுத்தலைப்பு 'மிஸ்திகோசிவாக்': கிரீ மொழியில் மரப்படகுக்காரர்கள், அதாவது வந்தேறிய ஐரோப்பியர். இரண்டாவது படத்தின் அமைப்பு, அதே அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியர் லாய்ட்சேயின் 'டெலவேர் ஆற்றைக் கடக்கும் வாஷிங்டன்' (1851) படத்தினுடையது. தளபதி நின்ற இடத்தில் மங்க்மனின் மாற்றுருவான மிஸ் சீஃப், மெல்லிய துணி பறக்க, கழுகிறகை உயர்த்தி நிற்கிறார். லாய்ட்சேயின் படமும் ஏறக்குறைய 12க்கு 21 அடி. ஆக, உருவங்களோடு வரலாற்று ஓவியத்துக்குரிய அந்தப் பிரம்மாண்டமும் எடுக்கப்பட்டிருக்கிறது. சிறிய தாளில் வரைந்திருந்தால் கேலிச்சித்திரமாகப் போயிருக்கும்.

> 'பகடி' போதாதா?

போதாது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் 'நாட்செஸ்' (1835) ஓவியத்தில், மிசிசிப்பிக் கரையில் அழியும் நாட்செஸ் என்ற அமெரிக்கத் தொல்குடியின் கடைசித் தம்பதி, கையில் பிறந்த குழந்தை. இவர்கள் மறைந்துவிடுவார்கள் என்பதே அதன் வாதம். மங்க்மன் அதே குடும்பத்தை, மறையாதவர்களாக, தன் படத்துக்குள் கொண்டுவருகிறார். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. இது திருத்தம்.

என் பரிந்துரை: எதிரெடுத்தாள்கை. மேற்கோளுக்கு 'எடுத்தாளுதல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'எதிரெடுத்தாண்டார்' நாக்கைத் தடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வினையாக வரும்போது 'எதிராக எடுத்தாண்டார்' என்று பிரித்துக்கொள்ளலாம். 'எதிராள்கை' என்று சுருக்கினால் எதிராளி வந்து நிற்பார்.

> வரையறையில் 'தொல்குடி ஓவியர் செய்வது' என்று சேர்க்க வேண்டும்.

அங்கேதான் இடிக்கும். ஆஸ்திரேலியாவின் கார்டன் பென்னட் 'அபாரிஜினல் ஓவியர்' (ஆஸ்திரேலியத் தொல்குடி ஓவியர்) என்ற முத்திரையையே விரும்பாதவர். அவருடைய 'பொசெஷன் ஐலண்ட்' (1991), 1770இல் ஆங்கிலேயக் கடலோடி குக் கொடியேற்றி நிலத்தை உரிமை கோரும் காட்சியைக் காட்டும் பழைய அச்சுப்படத்திலிருந்து உருவானது. அதன்மேல், வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்த அமெரிக்க ஓவியர் பொல்லாக்கின் பாணிச் சொட்டுகளும் புள்ளிகளும் படர்கின்றன. அச்சுப்படத்தைப் பொறுத்தவரை எதிரெடுத்தாள்கை, ஐயமில்லை. பொல்லாக் சொட்டுக்கும் பொருந்தும். ஆனால் புள்ளிகள், 1971இல் நடு ஆஸ்திரேலியத் தொல்குடிக் குடியிருப்பான பப்புன்யாவில் தொடங்கிய பாலைநில ஓவிய இயக்கத்தை நினைவூட்டுபவை. பென்னட் அந்தப் பகுதிக்காரர் அல்லர். அந்த அடுக்குக்கு வெறும் 'எடுத்தாள்கை' என்றே எழுத வேண்டும். ஒரே கித்தானில் இரண்டு சொல்லும் தேவைப்படுகின்றன.

ஆகவே வரைபவரின் பிறப்பை விட்டுவிட்டு வரையறையை இப்படி எழுதுகிறேன்: 'ஆதிக்க மரபின் படமொன்றை, மூலம் அடையாளம் தெரியும்படியே எடுத்து, அதில் யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார் என்பதை மாற்றி அமைத்தல்.' 'ஆதிக்க மரபு' என்பதைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.