சொந்த வீட்டுக்குள் கேமரா: உங்களுக்கு என்ன நடந்தது?

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படம் பாதிதான் இருக்கிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் நான். அம்மாவின் வலது தோளில் நான்கு விரல்கள். விரல்களுக்கு உரியவர் படத்தில் இல்லை. கத்தரிக்கோல் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அது பெரியப்பா என்பது மட்டும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒருமுறை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். அம்மா ஆல்பத்தை மூடி உள்ளே வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

போன மாதம் புகைப்படக்காரர் டயானா மார்கோசியனின் 'ஃபாதர்' கைக்கு வந்தது. 2024இல் வந்த புத்தகம். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1996இல், அம்மா பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு மாஸ்கோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்விடுகிறார். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அப்புறம் வீட்டிலிருந்த எல்லாப் படங்களிலிருந்தும் அப்பாவை வெட்டி எடுத்துவிடுகிறார். 15 ஆண்டுகள் கழித்து மகள் ஆர்மீனியாவுக்குப் போய் அவரைக் கண்டுபிடிக்கிறார். இரண்டு பேருக்கும் பேசப் பழக்கமில்லை. இடையில் கேமரா இருக்கிறது. படங்கள் வெட்டப்பட்ட செய்தியைப் படித்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். மீதியைப் படிக்க இரண்டு நாள் ஆனது.

தன் குடும்பம், தன் இழப்பு, தான் வந்த தெரு என்று சொந்த விஷயத்தையே படமெடுக்கிறவர்களின் வேலையைப் பார்த்துவிட்டு உங்களில் யாராவது கேமராவைத் தூக்கியது உண்டா? அதற்கப்புறம் வீட்டில் என்ன நடந்தது?

* * *

எனக்கு அது இந்தியப் புகைப்படக்காரர் சோரப் ஹுராவின் படங்களில் ஆரம்பித்தது. 1999இல் அவர் அம்மாவுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், என்று மருத்துவர்கள் சொன்னபோது அவருக்கு 17 வயது. 2015இல் வந்த 'லைஃப் இஸ் எல்ஸ்வேர்' கறுப்பு வெள்ளை. அதில் வீடே மூச்சுமுட்டும். மூன்று ஆண்டு கழித்து வந்த அடுத்த புத்தகம் வண்ணத்தில். அம்மாவும் எல்சா என்கிற நாயும் வெளிச்சமும்தான் அதில் முக்கியம். அம்மாவுடைய நோயைக் காட்டுகிற படங்களைத்தான் எதிர்பார்த்துப் போனேன். நாயைக் கொஞ்சுகிற ஒரு அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே நோய்தான். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. பார்த்துக்கொள்வதெல்லாம் நான்தான். கேமராவை எடுத்தேன். மூன்று மாதத்தில் அறுபது படங்களுக்கு மேல் சேர்ந்தன. ஒருநாள் இரவு எல்லாவற்றையும் திரையில் வரிசையாகப் போட்டேன். எல்லாவற்றிலும் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். அதாவது, வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரமாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். ஒளி நன்றாக இருந்தது, ஃப்ரேம் நன்றாக இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்தச் சமயத்தில்தான் புகைப்படக்காரர் லடோயா ரூபி ஃபிரேசியரின் 'தி நோஷன் ஆஃப் ஃபேமிலி' பற்றி ஒரு நண்பர் சொன்னார். அமெரிக்காவில் எஃகுத் தொழிலால் வளர்ந்து, அந்தத் தொழில் சரிந்ததும் வெறிச்சோடிப்போன பிராடாக் என்ற ஊரில், பாட்டி, அம்மா, தான் என்று மூன்று தலைமுறையைப் பத்தாண்டுக்கும் மேலாகப் படமெடுத்தவர். 2014இல் புத்தகமாக வந்தது. எனக்கு உறைத்த விஷயம் வேறு: அதில் அம்மாவும் படம் எடுத்திருக்கிறார். மகளை அம்மா எடுத்த படமும் அதே வேலையில் ஒரு பகுதி.

மறுநாள் கேமராவை அம்மா கையில் கொடுத்தேன். ஒரு வாரம் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் காலை, நான் மாத்திரை டப்பாவைத் திறந்து கிழமை வாரியாகப் போட்டுக்கொண்டிருந்தபோது க்ளிக் சத்தம். என் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு கை மட்டும் தெளிவாக இருக்கிறது, வியாழக்கிழமைக் குழியின் மேல் ஒரு வெள்ளை மாத்திரையோடு. நான் அவ்வளவு களைத்திருக்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த அறுபதையும் அம்மாவிடம் காட்டினேன். "இது இருக்கட்டும். இது வேண்டாம். இது யாரு, நானா?" பதினொன்று மிஞ்சின. மற்றதை அழித்துவிட்டேன். அதில் இரண்டு நான் எடுத்ததிலேயே நல்ல படங்கள். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

* * *

நான் படமெடுப்பவள் இல்லை, நனைந்த படங்களைக் கழுவுகிறவள். இங்கே சொல்லலாமா என்று தயங்கினேன். சொல்லிவிடுகிறேன்.

லீகோ ஷிகா என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் 2008இல் கிதகமா என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். ஊர்ப் புகைப்படக்காரராகத் திருவிழா, கூட்டம் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். முதியவர்களின் கதைகளைப் பதிவு செய்தார். 2011 மார்ச் 11 சுனாமியில் ஊர் போனது, அவருடைய வீடும் போனது. அதற்கப்புறம் அவர் சேற்றில் கிடந்த மற்றவர்களின் குடும்பப் படங்களைப் பொறுக்கிக் கழுவி உரியவர்களிடம் சேர்க்கும் வேலையில் இறங்கினார். அதே கரையில் யமமோட்டோ என்ற ஊரில் தன்னார்வலர்கள் மீட்ட படங்கள் மட்டும் ஏறத்தாழ 7.5 லட்சம்.

எங்கள் பகுதியில் வெள்ளம் வந்தபோது அவர்கள் செய்ததைப் பார்த்துத்தான் நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்தோம். படத்தின் மேல்பூச்சில் இருப்பது ஜெலட்டின். ஈரம் பட்டால் பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. விளிம்பிலிருந்து அரித்துக்கொண்டே உள்ளே வரும். வண்ணப் படங்களில் ஓரம் நிறம் மாறி, கடைசியில் வெள்ளையாகும். குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டு, மென்மையான பிரஷால், முகத்தைத் தொடாமல் ஓரத்திலிருந்து வர வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் மூக்கு போய்விடும், கண் போய்விடும். ஒரு வயதான ஐயா தன் திருமணப் படத்தை வாங்க வந்தார். மனைவியின் முகத்தை எங்களால் காப்பாற்ற முடியவில்லை, மாலையும் கையும்தான் மிஞ்சின. கையை ரொம்ப நேரம் பார்த்தார். "கை போதும்மா," என்றார்.

* * *

நான் சுருக்கமாக. புகைப்படக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரனின் 'ஐ ஃபீல் லைக் எ ஃபிஷ்' படங்களைப் பார்க்கும்வரை, படமெடுக்கத் தகுந்தது எல்லாம் வெளியே எங்கோ இருக்கிறது என்று நம்பியவன் நான். அவர் ஊரடங்கின்போது வாடிப்பட்டியில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பி, தன் தலித் குடும்பத்தையே எடுத்தார். தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்திய அவர் பாட்டி பொன்னுத்தாயின் கதை அந்த வேலையின் அடியில் இருக்கிறது. நம்மவர்களைப் பற்றிய படம் என்றாலே அழுகையோ பிணமோதான் என்று பழகிப்போன கண்ணுக்கு, அந்த வீட்டின் சாதாரண மத்தியானங்கள் எவ்வளவு பெரிய விஷயம்! இருபது ஆண்டுகளாக எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் முதல்முறையாக என் தெருவை எடுத்தேன். படத்துக்குக் கீழே தெருவின் பெயரையும் எழுதினேன்.

* * *

எல்லோருக்கும் நன்றி. மாத்திரை டப்பா பற்றிப் படித்துவிட்டு நேற்று அம்மாவிடம் போனேன். அந்த வெட்டுப்பட்ட படத்தைக் கிட்டத்தில் ஒரு ஷாட் எடுத்து, விரல்கள் மட்டும் திரை முழுக்கத் தெரியும்படி பெரிதாக்கிக் காட்டினேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "விரலையும் வெட்டியிருக்கணும். என் தோளும் சேர்ந்து போயிடுமேன்னு விட்டேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல கை. உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தது அந்தக் கைதான், உனக்கு ஞாபகம் இருக்காது," என்றார். சைக்கிள் கற்றுக்கொடுத்தது அப்பா என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

மீதியை அம்மா சொல்லும்போது சொல்லட்டும். கழுவுகிற தோழியிடம் ஒரு கேள்வி: அந்தப் படம் பசைத்தாள் ஆல்பத்தில் இறுக ஒட்டிக் கிடக்கிறது. பின்பக்கம் அம்மா ஏதோ எழுதியிருக்கிறாராம். கிழியாமல் எடுக்க வழி உண்டா?

* * *

உண்டு. முதலில் ஒட்டியிருக்கும்படியே ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள், எது ஆனாலும் அது இருக்கும். அப்புறம் பல் இடுக்கில் விடும் நூல், மெழுகு பூசாதது, அதை ஒரு மூலையில் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். படத்தை வளைக்காதீர்கள். வெட்டுப்பட்ட பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், அந்த ஓரம்தான் பலவீனமாக இருக்கும். நடுவில் எங்காவது பிடித்துக்கொண்டால் அப்படியே விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.