மலையில் நேர்கோடு கண்டால் நம்பாதீர்கள்

கோரிமேட்டுக்காரன்:

ஏற்காட்டுக்குச் சைக்கிள் ஏறியவர்கள் எல்லோரும் இங்கே தூரமும் நேரமும் எழுதுகிறீர்கள். நான் எழுதப்போவது மானம் போன கதை.

சென்ற டிசம்பரில் ஒரு ஞாயிறு. விடியுமுன் அடிவாரத்தில், போகும் பாதையைக் கோடாகப் பதியும் கைப்பேசிச் செயலியைத் தட்டிவிட்டு ஏறத் தொடங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் வலிக்கிற இடத்தில்தான் எனக்கும் வலித்தது. ஏரிக்கரையில் ஒரு டீ, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. கதை அதற்குப் பிறகுதான்.

தார்ச்சாலை அலுத்துவிட்டது. மவுண்டன் பைக் வாங்கியதே மண்ணில் ஓட்டத்தானே! யாரோ ஓட்டிப் பதிந்து பொதுவில் விட்டிருந்த ஒரு தடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தேன். ஏற்காட்டைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டிலிருந்து பிரிந்து, காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கி, மறுபடி அதே சாலையில் ஏறும் என்று படம் காட்டியது.

முதல் 2 கிலோமீட்டர் சொர்க்கம். சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி, கீழே சிவந்து கிடக்கும் காப்பிப் பழம், டயருக்கு அடியில் சருகு நொறுங்கும் சத்தம். திடீரென்று திரையில் அந்தத் தடத்தின் கோடு இடப்பக்கம் திரும்பியது. அங்கே பாதையே இல்லை, செடிகள்தான் இருந்தன. தடத்தை விட்டு விலகுகிறாய் என்று கைப்பேசி விடாமல் கிணுகிணுத்தது. பழைய ஒற்றையடிப் பாதை மூடிக்கிடக்கிறது போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்தேன்.

இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியம்மா. "எங்கே சாமி போகிறாய்?" என்றார். படத்தை நீட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பக்கம் பள்ளம். முந்தாநாள் ஒரு பையன் இதே போலப் போனை நீட்டிக்கொண்டு வந்தான். அவனையும் நான்தான் திருப்பி அனுப்பினேன்."

செடிகளை விலக்கிக் காட்டினார். நான்கடி தள்ளி நிலம் முடிந்துபோயிருந்தது.

திரும்பும் வழியில் தோட்டத்துக் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத விருப்பமில்லை. அது தனியார் தோட்டம், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்து தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புழுவைப்போல் நெளிந்து வரும் கோடு, அந்த இடத்தில் மட்டும் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராக ஓடியது. மலையில் எந்தப் பாதை அரைக் கிலோமீட்டர் வளையாமல் போகும்? பதிந்தவருடைய கைப்பேசி, பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று திரை அணைந்ததும் செயலியைத் தூங்க வைத்திருக்க வேண்டும். விழித்தபோது, விட்ட புள்ளியையும் கிடைத்த புள்ளியையும் ஒரே கோட்டால் இணைத்துவிட்டது. அந்த மனிதர் சுற்றிக்கொண்டு நல்ல வழியில்தான் போயிருப்பார்.

சிரித்துக்கொண்டே என் பழைய தடங்களைத் துழாவினேன். சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றில் இதே வியாதி. ஒன்றில் எட்டாவது வளைவிலிருந்து பதினோராவதுக்குக் காக்கையாகவே பறந்திருக்கிறேன். மூன்றையும் பிறர் கண்ணில் படாதபடி மறைத்தேன். கைப்பேசியின் பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கினேன். அதற்குப் பிறகு நேர்கோடு விழவில்லை. சிக்னல் இல்லாததால் வந்த வினை என்று சிலர் சொல்வார்கள், இல்லை. இடம் கண்டுபிடிக்க டவர் வேண்டியதில்லை, செயற்கைக்கோள் போதும். வரைபடத்தை மட்டும் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சரி.

சூரமங்கலம் அண்ணன்:

தம்பி, கோடு மட்டுமா பொய் சொல்கிறது? நானும் என் மச்சானும் ஒரே நாளில், ஒரே பாதையில், பக்கத்தில் பக்கத்தில் ஏறினோம். மொத்த ஏற்றத்தில் அவனுக்கு என்னைவிட 270 மீட்டர் கூடுதல்! ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். பிறகுதான் தெரிந்தது, என் போனில் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிக்கும் காற்றழுத்தமானி இருக்கிறது, அவனுடையதில் இல்லை. செயற்கைக்கோளை மட்டும் நம்பினால் பக்கவாட்டைவிட உயரத்தில்தான் பிழை அதிகம். ஐந்து மீட்டர் பொய்யாகக் குதித்தாலும் அது ஏற்றத்தில் சேர்ந்துவிடும்.

அதற்காக என்னுடையது சத்தியசந்தன் என்று சொல்ல மாட்டேன். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய 8 மீட்டர் ஏறிவிட்டதாக அது நினைக்கும். சேர்வராயன் கோயில் 1,623 மீட்டர் உயரம் என்பார்கள். மழை கட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில், அங்கே பிரசாதம் வாங்கிக்கொண்டு ஆடாமல் நின்ற என்னை 15 மீட்டர் மேலே ஏற்றி வைத்தது.

சீலநாயக்கன்பட்டி அக்கா:

எனக்குக் கோடு சரியாகவே விழுந்தது. அதுதான் தொல்லையாகிவிட்டது. தினமும் பதிவை வாசலில் தொடங்கி வாசலில் முடித்துப் பொதுவில் விடுவேன். ஒருநாள் அடிவாரத்தில் முன்பின் தெரியாத ஒருவர், "உங்கள் தெருவில் வேப்பமரம் இருக்கிறதே, அதற்கு எதிர்வீடுதானே?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குக் கால் ஓடவில்லை. இப்படித் தடம் பதியும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகளே பளிச்சென்று தெரிந்ததாக 2018இல் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? என் தெரு எம்மாத்திரம்! தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி அமைப்பிலேயே இருக்கிறது. அன்றிரவே போட்டுவிட்டேன். கோரிமேட்டுத் தம்பி, அந்தத் தடத்தைப் போட்டவருக்குச் சொன்னீர்களா?

கோரிமேட்டுக்காரன்:

சொன்னேன் அக்கா, இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. தடம் அப்படியே இருக்கிறது. நேற்று இரவு பார்த்தேன், புதிதாக நான்கு பேர் சேமித்து வைத்திருக்கிறார்கள்.