வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை பிரிண்டர் வாங்குவது: பலரின் அனுபவப் பகிர்வு

கலர் வேண்டாம் என்று முடிவெடுத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அடுத்து எல்லாரும் கேட்பது "மாதம் எத்தனை பக்கம்?" அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு தடவை பிரிண்ட் எடுத்த பிறகு அடுத்த தடவை வரைக்கும் மெஷின் எத்தனை நாள் சும்மா கிடக்கும்? வாரக்கணக்கில் தொடாமல் கிடக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லேசர். டோனர் உலர்ந்த பிளாஸ்டிக் தூள். காய்ந்துபோக அதில் எதுவும் இல்லை. மாதக்கணக்கில் கிடந்தாலும் முதல் பக்கமே பளிச்சென்று வரும்.

விலை குறைவு என்று சின்ன கார்ட்ரிட்ஜ் போட்ட இங்க்ஜெட் பக்கம் போகாதீர்கள். அவற்றில் பல கறுப்பு கார்ட்ரிட்ஜ்கள் 120 முதல் 200 பக்கத்தில் தீர்ந்துவிடும். அதிலும் ஒரு பங்கு, மை தெளிக்கும் தலையை (பிரிண்ட் ஹெட்) மெஷின் தானே கழுவிக்கொள்வதிலேயே போகும். கலர் கார்ட்ரிட்ஜ் காலியானால் கறுப்பும் அடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மாதிரிகளும் உண்டு.

கணக்கை மூன்று வருடத்துக்குப் போடுங்கள். லேசருடன் பெட்டியில் வருவது பெரும்பாலும் 'ஸ்டார்ட்டர்' டோனர், பல மாதிரிகளில் 700 பக்கம். மாதம் 30 பக்கம் என்றால் மூன்று வருடத்தில் 1,080 பக்கம். ஒரே ஒரு டோனர் வாங்கினால் போதும், எந்த மாதிரி என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மாதம் 150 என்றால் 5,400 பக்கம். ஸ்டார்ட்டரைக் கழித்தால் 4,700. கார்ட்ரிட்ஜ் 1,500 பக்கம் தருவது என்றால் நான்கு வாங்க வேண்டும், 2,600 பக்கம் தருவது என்றால் இரண்டு. பிரிண்டர் விலையில் மிச்சம் பிடித்தது எங்கே போகிறது என்று அப்போது தெரியும்.

*

மேலே சொன்ன பக்கக் கணக்கில் ஒரு திருத்தம். 700, 1,500 எல்லாம் ஐஎஸ்ஓ 19752 சோதனைப்படி வரும் எண்கள். அந்தச் சோதனைத் தாளில் கறுப்பு விழும் இடம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஒரு சின்னக் கடிதம் அளவு. பிள்ளைகளின் ஒர்க்‌ஷீட்டில் படம், கட்டம், கறுப்புப் பட்டை எல்லாம் சேர்ந்தால் 15 சதவீதம் சாதாரணமாக வரும். 1,500 பக்கம் 500 ஆகிவிடும். இதில் டோனர் மேல் பழி போட்டுப் பயனில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து உள்ள ஸ்லைடுகளை அப்படியே அடிக்காதீர்கள். டோனர் சேவ் மோடை எப்போதும் ஆனில் வைத்து, யாருக்காவது கொடுக்க வேண்டிய தாளுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள்.

*

சர்வீஸ் மேசையில் பார்த்த வரையில் சொல்கிறேன். பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு அமைப்பு இருக்கிறது. ஹெச்பி, கேனன் சிறிய லேசர்கள் பலவற்றில் டோனரும், தூளைத் தாளுக்குக் கொண்டுபோகும் உருளையான டிரம்மும் ஒரே கூட்டில் இருக்கும். கார்ட்ரிட்ஜ் மாற்றினால் டிரம்மும் புதிதாகிவிடும். பிரதரில் டிரம் தனி, டோனர் தனி. டிரம் 12,000 பக்கம் போல வரும், டோனர் மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். குறைவாக அடிக்கும் வீட்டுக்கு இரண்டுமே சரி. நிறைய அடித்தால் இரண்டாவது மலிவு, ஆனால் ஒருநாள் டிரம் செலவு வரும், அதைக் கணக்கில் எழுதி வையுங்கள்.

ரீஃபில் செய்து ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். ஹெச்பியின் பழைய 12ஏ கார்ட்ரிட்ஜில் சிப்பே கிடையாது. அதனால்தான் இன்றைக்கும் அது ரீஃபில் செய்பவர்களின் செல்லப்பிள்ளை. புதிய மாதிரிகளில் சிப் இருக்கும், தூள் நிரப்பினாலும் "காலி" என்றே காட்டும், சிப்பையும் மாற்ற வேண்டும். பழைய பிரதர் மாதிரிகள் சிலவற்றில் எண்ணிக்கையைத் திருப்பி வைப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் கியர். ஸ்டார்ட்டர் டோனரில் அந்தக் கியரே இருக்காது. அதை நிரப்பிப் போட்டுவிட்டு "ஏன் ஏற்க மாட்டேன் என்கிறது" என்று கேட்பவர்கள் நிறைய.

ரீஃபில் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் தூள் காரணமில்லை. ஒற்றைக்கூட்டு கார்ட்ரிட்ஜில் இரண்டு அறை உண்டு. ஒன்றில் புதுத் தூள், இன்னொன்றில் டிரம்மிலிருந்து பிளேடு வழித்துத் தள்ளிய கழிவுத் தூள். அவசரத்துக்கு நிரப்பிக் கொடுப்பவர்கள் முதல் அறையை மட்டும் நிரப்பிவிடுவார்கள். கழிவு அறை இரண்டாவது மூன்றாவது ரீஃபிலில் நிரம்பி வழியும். தாள் முழுக்கச் சாம்பல் தூவின மாதிரி ஆகும், உள்ளே ரோலர்களும் நாசம். "வேஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டு, கண்முன்னே கொட்டச் சொல்லுங்கள். தூள் கொட்டினால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் துணியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டு வாக்வம் கிளீனரும் வேண்டாம், தூள் அதன் ஃபில்டரைத் தாண்டி அறைக்குள் வரும்.

*

ஒரே கறை திரும்பத் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்கேலை எடுங்கள். ஒரு புள்ளிக்கும் அதன் நேர்கீழே உள்ள அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுக்கு 75 மி.மீ. போகும், 30 மி.மீ. டிரம் 94 மி.மீ. போகும். அளவு ஒத்துப்போனால் டிரம்மில் கீறல். கார்ட்ரிட்ஜ் மாற்றினால் தீரும். ஒத்துவராவிட்டால் வேறு ரோலர். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே கோடு என்றால் பிளேடு தேய்ந்திருக்கும். ஒரு பக்கம் மங்கினால் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, கிடைமட்டமாகப் பிடித்து ஐந்தாறு தடவை மெல்ல ஆட்டிப் போடுங்கள், இன்னும் கொஞ்ச பக்கம் வரும். டிரம்மின் மேல் விரல் படக்கூடாது, வெளிச்சத்திலும் வைக்கக்கூடாது. விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? அது சூடாக்கும் ரோலர் பக்கத்துப் பிரச்சினை. முதலில் செட்டிங்கில் தாள் வகையைக் கொஞ்சம் தடிமனானதாக மாற்றிப் பாருங்கள், சூடு கூடும்.

*

எல்லாரும் லேசர் லேசர் என்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அடிக்கிற வீட்டுக்கு, புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்கும் நல்ல வழிதான். எப்சன் எம்1120 போன்றவை கறுப்பு மட்டும் அடிப்பவை. 120 மி.லி. புட்டிக்கு 6,000 பக்கம் என்று கணக்கு. பக்கச் செலவில் லேசரால் கிட்டவே வர முடியாது. மையும் பிக்மெண்ட் வகை, ஈரக்கை பட்டால் ஓடாது. கலர் டேங்க் மாதிரிகள் சிலவற்றில் கறுப்பும் டை மை, அது தண்ணீரில் கரையும். சான்றிதழ், விண்ணப்பம் அடிப்பவர்கள் வாங்கும் முன் இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்க் பிரிண்டர்கள் பாழாவதற்கு முக்கியக் காரணம் சுவர் சுவிட்ச். பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தி அணைத்தால்தான் தலை ஓரமாகப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். நேராகச் சுவரில் அணைத்தால் தலை பாதி வழியில் திறந்தபடி நிற்கும், மை காயும். பிறகு கிளீனிங், மறுபடி கிளீனிங். கிளீனிங் செய்த மை எல்லாம் உள்ளே ஒரு பஞ்சுத் திண்டில் போய்ச் சேரும். அது நிரம்பிவிட்டது என்று கவுண்டர் சொன்னால் பிரிண்டர் நின்றுவிடும். பஞ்சை வீட்டிலேயே கழற்றி மாற்றும்படி மெயின்டனன்ஸ் பாக்ஸ் வைத்த மாதிரியா என்று கேட்டு வாங்குங்கள். மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாஸில் செக் தாள் வாரம் ஒன்று போதும். கோடு விடுபட்டால் இரண்டு தடவை கிளீனிங், சரியாகவில்லை என்றால் ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். தொடர்ந்து ஐந்தாறு தடவை ஓட்டுவது மையைத்தான் காலி செய்யும்.

*

மின்சாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. லேசரில் தூளை உருக்கும் ரோலர் 200 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். அந்தச் சில நொடிகளில் பல மாதிரிகள் 1,000 வாட்ஸ் வரை இழுக்கும். கம்ப்யூட்டருக்கான சின்ன யுபிஎஸ்ஸில் பேட்டரி பக்க சாக்கெட்டில் மாட்டினால் யுபிஎஸ் அலறி அணைந்துவிடும். நேரடி பிளக்கில் மாட்டுங்கள்.

*

மொபைலில் இருந்து அடிக்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பெட்டியில் ஏர்பிரிண்ட் (ஐபோனுக்கு), மோப்ரியா (ஆண்ட்ராய்டுக்கு) என்று போட்டிருந்தால் டிரைவர் தேடும் வேலை இல்லை. யுஎஸ்பி மட்டும் உள்ள மலிவு மாதிரிகள் பலவும் பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டுபவை. அந்தக் கம்பெனி டிரைவர் தருவதை நிறுத்தினால் மெஷின் நன்றாக இருந்தும் உபயோகமில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கேனன் எல்பிபி 2900-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வைஃபை மாதிரிகள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் இணையும். ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆனில் இருந்தால் பிரிண்டரில் உங்கள் வைஃபை பெயரே தெரியாது. ஹெச்பி+ திட்டத்தில் வரும் மாதிரிகளுக்கு எப்போதும் இன்டர்நெட்டும் கம்பெனி கார்ட்ரிட்ஜும் கட்டாயம். ரீஃபில் எண்ணம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

*

பழையது வாங்குபவர்களுக்கு: முதலில் பிரிண்டர் தன் விவரங்களைத் தானே அடித்துத் தரும் கான்ஃபிகரேஷன் பக்கம் எடுத்து மொத்தப் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு பத்துத் தாள் தொடர்ந்து ஓட்டுங்கள். தாள் எடுக்காமல் சறுக்கினால் பிக்கப் ரோலர் பளபளத்திருக்கும். லேசாக நனைத்த துணியால் துடைத்தாலே பல சமயம் சரியாகும். இரண்டிரண்டாக இழுத்தால் அதன் எதிரே இருக்கும் செபரேஷன் பேட் தேய்ந்திருக்கிறது, அது சின்ன செலவு. சூடாக்கும் ஃபிலிம் கிழிந்திருந்தால் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

தானாக இரண்டு பக்கமும் அடிக்கும் வசதி இல்லாத மாதிரி என்றால் தாளின் மேல்மூலையில் பென்சிலால் ஒரு குறி போட்டு ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். குறி எந்தப் பக்கம், எந்த முனையில் வருகிறது என்று பார்த்து, இரண்டாம் பக்கத்துக்குத் தாளை எப்படித் திருப்பி வைப்பது என்பதை டிரேயிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.