அடிமையா இருந்தவங்க வாய்விட்டு சொன்னத எந்த அளவுக்கு நம்பலாம்?

பொட்டல்காடு:
அமெரிக்க காங்கிரஸ் (அவங்க பார்லிமெண்ட்) நூலகத்தோட சைட்ல, அங்க அடிமையா பொறந்தவங்க குடுத்த பேட்டிங்க ஃப்ரீயா கிடக்கு, கொஞ்ச நாளா ராத்திரி வாசிப்பு அதான். 1936-38ல, பொருளாதாரம் படுத்துக் கிடந்தப்ப, வேலையில்லாத எழுத்தாளர்களுக்கு கவர்மெண்டே சம்பளம் குடுத்து எடுக்கவச்சது, 2,300 பேருக்கு மேல பேசியிருக்காங்க. என்ன சாப்பிட்டாங்க, காலுக்கு செருப்பு இருந்துச்சா, அம்மாவ வித்த அன்னிக்கு என்ன நடந்துச்சு, எல்லாம் இருக்கு. அடிமைமுறை பத்தி தெரியணும்னா மொதல்ல இதப் படிங்க.

கணக்குப்பிள்ளை:
படிங்க, வேணாங்கல. ஆனா மொதல்ல இதையா? அடிமைமுறை ஒழிஞ்சது 1865. 1937ல 80 வயசுன்னா அப்ப 8 வயசு. பருத்திக்காட்டுல முதுகொடிஞ்சது பெரும்பாலும் அவங்க அப்பா அம்மா. போதாததுக்கு கேள்வி கேட்டவங்கள்ல முக்காவாசி வெள்ளக்காரங்க, அதுவும் அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல, கறுப்பர அடிச்சுக் கொன்னா கேக்க நாதியில்லாத காலம். எஜமான் நல்லவருன்னு சொல்லாம வேற என்ன சொல்லும் பாவம் அந்தக் கெழம்?

பொட்டல்காடு:
அதுக்குத்தான் பாஸ் படிக்க சொல்றேன். தெற்கு கரோலினா மாநிலத்து சார்ல்ஸ்டன் ஊர்ல சூசன் ஹாம்லின்னு ஒரு பாட்டி, நூறு தாண்டிருச்சுன்னு சொல்றாங்க, அவங்கள ரெண்டு பேர் தனித்தனியா பாத்திருக்காங்க. வெள்ளக்கார அம்மா போனப்ப, வந்திருக்கறது நிவாரணம் குடுக்கற ஆபீஸ்காரங்கன்னு பாட்டி நெனச்சுக்கிட்டு எஜமான பத்தி நல்லதா சொல்லியிருக்கு, கறுப்பர் ஒருத்தர் போனப்ப அதே பாட்டி சவுக்கடி, ராத்திரி கல்யாணம் ஆன பொண்ண காலைல வித்தது, அவ அம்மா தெருவுல நின்னு வெள்ளக்காரங்கள கிழிகிழின்னு கிழிச்சதுன்னு அத்தனையும் கொட்டியிருக்கு.

கணக்குப்பிள்ளை:
எனக்கு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க 😄 கறுப்பர்கிட்ட சொன்னதுதான் நெஜம்னு எத வச்சு முடிவு பண்றீங்க, நமக்குப் புடிச்சிருக்குங்கறதாலயா? வந்த ஆளப் பாத்து ரெண்டு தடவையும் கூட்டி கொறச்சு சொல்லியிருக்கலாம்ல. பண்ணைக் கணக்கு, ஏல நோட்டீஸ், பத்திரம் இதெல்லாம் யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும்.

மூணாவதுதெரு:
அந்த நோட்டீஸ் அடிச்சவன் யாரு சார், வித்தவன்தானே? உல்ரிச் ஃபிலிப்ஸ்னு ஒரு பேராசிரியர், அடிமைங்க பேச்ச நம்பமுடியாதுன்னு தள்ளிட்டு, பண்ணைக்காரங்க பேப்பர வச்சே 1918ல புக் போட்டாரு. பண்ணை ஒரு பள்ளிக்கூடம் மாதிரின்னு எழுதுனாரு மனுஷன்! ரொம்ப வருஷம் அவர் சொன்னதுதான் வரலாறு. பேப்பர் பொய் சொல்லாதுதான், எத எழுதாம விட்டாங்கன்னும் சொல்லாது.

கணக்குப்பிள்ளை:
ஃபிலிப்ஸுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா பாட்டி குரல்னு நீங்க உருகுறது பாட்டி குரலே இல்லன்னு தெரிஞ்சுக்கோங்க. பெரும்பாலும் டேப் கிடையாது, குறிப்பெடுத்துட்டுப் போய் அப்புறம் எழுதுனது, அந்தக் கொச்சையைக் கூட எப்படி எழுதணும்னு தலைமை ஆபீஸ் சுற்றறிக்கை விட்டிருக்கு. பேசுனது ஒருத்தர், எழுதுனது இன்னொருத்தர், திருத்துனது மூணாவது ஆள்.

பொட்டல்காடு:
ஒத்துக்கறேன், அதான் நான் மொதல்ல மேல இருக்கற பேட்டியாளர் பேரப் பாத்துட்டுதான் உள்ள போறேன்.

கணக்குப்பிள்ளை:
பேரு போட்டிருக்கும், என்ன நிறம்னு போட்டிருக்குமா?

மூணாவதுதெரு:
வர்ஜீனியா, ஃபுளோரிடால கறுப்பர்களே பேட்டி எடுக்க தனிக்குழு இருந்துச்சு. அதப் படிச்சுட்டு வாங்க, அப்புறம் சண்டை போடலாம்.